நாலாம் வகுப்பு அறையில் பதினெட்டுக் கம்ப்யூட்டர்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம் என்று தொடங்குவதுதான் மரியாதை என்பதால் அப்படியே தொடங்குகிறேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது. உங்கள் முதுகுவலி குறைந்ததா? மருமகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நிற்க. உங்கள் அலுவலகத்தில் புதிய கம்ப்யூட்டர்கள் வாங்கியபோது, பழையவற்றைக் குப்பையில் போடாமல் ஏழைத் தேசத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பலாமே என்று நீங்கள் எழுந்து நின்று சொன்னதும், எந்தப் பள்ளிக்கூடம் என்று அவர்கள் கேட்டபோது தலைமையாசிரியனாகிய என் ஞாபகம் உங்களுக்கு வந்ததும் நான் செய்த பாக்கியம். பதினெட்டுப் பெட்டிகளும் லாரியில் வந்து இறங்கின. கூடவே ஒரு தாளும் வந்தது. 'அனைத்தும் நன்கு இயங்கும் நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டன' என்று அதில் அச்சடித்திருந்தது. பிரித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் முறை. ஆனால் மாப்பிள்ளை அனுப்பிய பொருளை லாரி டிரைவர் முன்னால் பிரித்துச் சோதித்தால் அவர் நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்? உங்கள் முகத்துக்காகப் போட்டுவிட்டேன். அந்தக் கையெழுத்துத்தான் நாலு மாதமாக நாலாம் வகுப்பின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

ஏனென்றால் ஜன்னல் கம்பியும் பூட்டும் சரியாக இருக்கும் ஒரே அறை நாலாம் வகுப்பு. பிள்ளைகளை சைக்கிள் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டே நாள்தானே என்று டீச்சரிடம் சொல்லி, பெட்டிகளை அங்கே அடுக்கினோம். பிரித்தபோது பதினொன்றில் உயிரே இல்லை. ஐந்து விழித்துக்கொண்டு கடவுச்சொல் கேட்டன. ஒன்றின் மேல் 'செவ்வாய் பல் டாக்டர்' என்று யாரோ ஒட்டிய சீட்டு இருந்தது, அதையும் அடித்துப் பார்த்தோம். ஒன்று புகை விட்டது. கடைசி ஒன்று நன்றாகவே ஓடியது. தன் பழைய சொந்தக்காரர் மாதக் கடைசி வரை விடுப்பில் இருப்பதாகத் தெரிவித்துவிட்டு அதுவும் ஓய்ந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அரைமணி நேரம் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பார்ட்ஸ் கிடைக்காதுன்னு சொல்ல வரலை சார். இதைச் செஞ்ச கம்பெனியே இப்ப கிடையாது."

சரி, பழுதென்று எழுதிக் கழித்துவிடலாம் என்று பள்ளி ஆய்வாளரிடம் போனேன். அவர் பொருள் பதிவேட்டைப் புரட்டினார்.

"நல்லா ஓடுதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஓடுற பொருளை எப்படி சார் கழிக்கிறது?"

"ஓடலை சார்."

"பதிவேட்டுல ஓடுதே."

இதற்கிடையில் மழைக்காலமும் வந்துவிட்டது. ஷெட்டுக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் டீச்சர் சொல்வது முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை போய், இப்போது சைகையில் வகுத்தல் கணக்கு நடத்துகிறார். முப்பத்தொரு பிள்ளைகளில் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். ஒரு சிறுமியைத் திரும்பக் கூட்டிவர நானே வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "நனையறதுக்கு எங்க வீட்டுலயே இடம் இருக்கு சார். அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் நடக்கணும்?" அவளை இப்போது வேறொரு வீட்டில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். படிப்பில் கெட்டிக்காரி.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். இவை அனுப்பும்போதே பழுதானவை, அப்புறப்படுத்தலாம் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வரி வேண்டும். போனில் இதைக் கேட்டபோது நீங்கள் சொன்னதை மறக்கவில்லை: "மச்சான், அந்தப் பதினெட்டையும் போட்டோ எடுத்து ஆபீஸ் வாசல்ல மாட்டி வெச்சிருக்காங்க. இப்பப் போய் செத்ததைத்தான் அனுப்பினோம்னு எழுதிக் குடுத்தா என்னை வேலையில வெச்சிருப்பாங்களா?" நியாயம்தான். அதற்குள் என் தங்கை போனைப் பிடுங்கி, "அண்ணா, குடுத்ததை வெச்சுக்கத் தெரியலைன்னா எதுக்கு வாங்கினீங்க?" என்றாள். நான் கேட்டு வாங்கவில்லை என்பதை மட்டும் பணிவுடன் பதிவு செய்கிறேன். இருந்தாலும் எப்படியாவது அந்த ஒரு வரியை அனுப்புங்கள். அனுப்ப முடியாவிட்டால், வந்த வழியே பதினெட்டையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த அறை வேண்டும், அவ்வளவுதான்.

தங்கைக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்; கனமான எதையும் தூக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஆய்வாளர் வந்தார். ஐம்பது கம்ப்யூட்டர் உள்ள பள்ளிக்குப் புதுக் கட்டடம் தருகிறார்களாம். ஓட வேண்டுமா என்று கேட்டேன். "ஃபாரத்துல எண்ணிக்கை மட்டும்தான் சார் கேட்டிருக்கு" என்றார். எனவே மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல், இன்னும் முப்பத்திரண்டு அனுப்பி வையுங்கள். எந்த நிலையில் இருந்தாலும் சரி. கட்டடம் வரும்வரை அவற்றை வைக்க ஐந்தாம் வகுப்பு அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன். நாலாம் வகுப்பில் ஆட்கள் குறைந்திருப்பதால் ஷெட்டில் இடம் இருக்கிறது.