ஆகஸ்ட் தாளில் என் வீட்டுக்காரர்

கட்டிய புருஷனை வெறும் துண்டோடு இரண்டாயிரம் சுவரில் மாட்டிவிட்டவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஊர் சுற்ற ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

சிவகாசியில் எங்களுக்குக் காலண்டர் அச்சகம். அவர் ஆர்டர் பிடிப்பார், நான் பிழை திருத்துவேன். காலண்டருக்குப் படம் தேடியபோதுதான் பிரேசிலில் இருக்கும் பாண்டனால் சதுப்பு நிலம் கண்ணில் பட்டது. சிறுத்தை, நீர்நாய், பன்றி அளவுக்கு எலி (சத்தியமாக!), பக்கத்திலேயே அடி வரை தெரியும் ஆறுகள். கண்ணாடியை மாட்டி, வாயில் மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு குப்புற மிதந்தால் போதுமாம், கீழே போகிற மீனையெல்லாம் பார்க்கலாமாம். ஆறு என்றால் மணல் என்று நினைத்து வளர்ந்தவளுக்கு எப்படி இருக்கும்? பைத்தியமே பிடித்துவிட்டது.

வேஸ்ட் தாள்களின் பின்பக்கத்தில் திட்டம் போட்டேன். எங்கே விமானம் மாறுவது, எந்த ஆற்றில் இறங்குவது, கொசுவுக்கு என்ன செய்வது, ஊறுகாய் பாட்டில் கசியாமல் எப்படிக் கட்டுவது. நாற்பது பக்கம் வந்தது. அங்கே வழிகாட்டும் பெண் ஒருத்தி மெயிலில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள். ஆகஸ்ட்டில் வாருங்கள், தண்ணீர் வற்றி மிருகங்கள் ஆற்றோரம் கூடியிருக்கும், ஜனவரியில் எங்கும் வெள்ளம்.

ஆகஸ்ட்டில்தானே ஆடிப்பெருக்கு! அன்றைக்குத்தான் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி ஏஜென்ட்டுகளுக்குக் காட்டுவோம். அதிலிருந்து மார்கழி வரை மூச்சுவிட நேரமிருக்காது.

"சீசன்ல ஊர் சுத்துனவன் பொளச்ச மாதிரிதான். ஜனவரிக்கு மேல எங்கன வேணாலும் போவம்" என்றார் அவர்.

"ஜனவரில அங்கன வெள்ளங்க. மிருகமெல்லாம் கலைஞ்சு போயிரும்."

"அப்ப அதுகள ஜனவரிக்கு வரச் சொல்லு."

இப்படியே மூன்று வருடம் ஓடியது.

நானும் விடவில்லை. லேஅவுட் போடும் முருகேசனைப் பிடித்து, அடுத்த வருட மாதக் காலண்டரின் ஆகஸ்ட் தாளில் ஒரு வேலை செய்யச் சொன்னேன். குற்றாலத்தில் துண்டோடு நின்ற என் வீட்டுக்காரரை வெட்டி எடுத்து, நீலத் தண்ணீரில் தொப்பை தெரிய மல்லாக்க மிதக்கவிட்டோம். ஆள் அடையாளம் தெரிய வேண்டுமே என்று நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினோம். பக்கத்தில் ஒரு நீர்நாய். ஒரே ஒரு தாள் அடித்து அவர் மேசைக்கு எதிரே ஒட்டினால் மனசு மாறுவார் என்று கணக்குப் போட்டேன் (எம்புட்டு அறிவு!).

அதற்குள் ஆடி வேலை அமுக்கிவிட்டது. முருகேசன் மறதியாக அதே தாளையும் ஆல்பத்துக்கான தாள்களோடு சேர்த்துப் பிழை பார்க்க அனுப்பினான். பார்த்தேன். கிருத்திகை சரி, பௌர்ணமி சரி, பிரதோஷம் சரி. ஓகே என்று கையெழுத்தும் போட்டேன். தேதிகளைத்தான் பார்த்தேனே தவிர, மேலே மிதந்தவரைப் பார்க்கவில்லை.

ஆடிப்பெருக்கன்று பூஜை முடிந்து, கேசரி கொடுத்து, அவரே ஏஜென்ட்டுகள் முன்னால் ஆல்பத்தைப் புரட்டினார். ஜூலையில் அருவி. அடுத்த தாளைத் திருப்பினார்.

தூத்துக்குடி ஏஜென்ட் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இது நீங்கதானே! நீச்சல் எப்ப பளகுனீக?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க ஊர் மீன்வலைக் கடைக்காரருக்கு இதான் பொருத்தம். ரெண்டாயிரம் போடுங்க. இந்தத் தாளை மட்டும் மாத்திராதீக" என்றார் ஏஜென்ட்.

அன்றைய முதல் ஆர்டர். முதல் போணியை வேண்டாம் என்று சொல்ல எந்த அச்சகக்காரருக்கு வாய் வரும்? பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி அந்தப் பேச்சையே எடுக்க முடியாது, எல்லாம் போச்சு என்று நாற்பது பக்கத்தையும் கட்டிப் பரணில் போட்டேன்.

ஊர் சும்மா இருக்குமா? சொந்தக்காரர்கள் வேறு அந்தக் காலண்டரைக் கேட்டு வாங்கினார்கள். "அண்ணாச்சி, ஆகஸ்ட்ல எங்கனயோ தண்ணிக்குள்ள போறீகளாமே?" கல்யாண வீடு, டீக்கடை, பெட்ரோல் பங்க், எங்கே போனாலும் இதே கேள்வி. பங்குனியில் ஒரு நாள் மதியம், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"ஏ செல்வி, ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி எல்லாரும் அந்தத் தாளைத் திருப்புவாக. அன்னைக்கு நான் இந்த ஊர்ல இருக்கக் கூடாது. டிக்கெட்டைப் போடு."

ஆல்பத்தைக் கொழுந்தன் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினோம். சிறுத்தையைத் தூரத்தில் பார்த்தோம். கடைசி நாள், மிதவைச் சட்டை போட்டு ஆற்றில் இறக்கினார்கள். முகத்தைத் தண்ணீரில் வைத்தோம். எங்கள் வயிற்றுக்குக் கீழே தங்க நிறத்தில் மீன் கூட்டம் போனது. கண்ணாடிக்குள்ளேயே அழுதேன், அவ்வளவு சந்தோஷம். நேரமாகிவிட்டது என்று வழிகாட்டி மூன்று முறை கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் தலையைத் தூக்கி, வாயிலிருந்து குழாயைப் பிடுங்கிவிட்டு என்னைத் திட்டினார்.

"அறிவிருக்கா செல்வி ஒனக்கு? இம்புட்டு நாளா என்னைய இங்கன கூட்டியாராம என்ன செஞ்சுக்கிட்டிருந்த?"

சிரித்ததில் பாதி ஆறு என் வாய்க்குள் போய்விட்டது.

வந்து மகளிடம் சொன்னதுதான் தப்பு. போன வாரம், பாகற்காயைத் தொடவே மாட்டேன் என்று இருபது வருடமாக அடம்பிடித்தவர், மூன்றாவது தடவையாகத் தட்டை நீட்டிப் பொரியல் கேட்டார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மகள் அவர் குரலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அறிவிருக்கா செல்வி ஒனக்கு?"