மாப்பிள்ளை சொன்ன மென்பொருளைத் தள்ளிவைத்த விவரம்

எளாவூர்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் அன்பான மாப்பிள்ளை பென்னி அவர்களுக்கு,

மாமா எபினேசர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தையும் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என்மேல் உள்ள கோபம்தான் குறையவில்லை. கோயம்புத்தூரில் நீங்களும் ஜெனிபரும் குழந்தையும் நலமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். போன் இருக்கும்போது மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் "பரவால்ல மாமா" என்பீர்கள். அந்தப் பரவாயில்லைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடாது. அடுத்த மாதம் பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு உங்கள் வீட்டுக்கு வர வேண்டியவன் நான். வருவதற்கு முன்பே விஷயம் உங்களுக்குத் தெரிந்துவிட வேண்டும்.

விஷயம் இதுதான். எங்கள் இரும்பு வார்ப்பட ஆலைக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு இணையதளம் வேண்டும் என்று எம்.டி. முடிவு செய்தார். கேன்டீன் பக்கத்திலுள்ள நோட்டீஸ் போர்டு மழையில் ஊறி, பஸ் நேரம் மாறிய அறிவிப்பு கரைந்துபோய், இரண்டாம் ஷிப்டுப் பெண்கள் கவரைப்பேட்டையில் நின்றுகொண்டே இருந்ததுதான் காரணம். அறிவிப்புகளை எழுதவும், படம் சேர்க்கவும், வெளியிடவும் உதவுகிற மென்பொருள்கள் பல இருக்கின்றனவாம். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர் கமிட்டி. உற்பத்திப் பிரிவு பூவராகவன், மனிதவளப் பிரிவு ஹெலன், தலைவர் நான். என்னை ஏன் தலைவராக்கினார்கள் என்று கேட்டேன். நோட்டீஸ் போர்டின் சாவி என்னிடம்தானே இருக்கிறது என்றார்கள். அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் யோசிக்கக்கூட இல்லை, "இதையே போடுங்க மாமா, இலவசம், உலகத்துல பாதி பேரு இதத்தான் வெச்சிருக்காங்க" என்று ஒரு பெயரைச் சொன்னீர்கள். நான் கமிட்டியில் நெஞ்சை நிமிர்த்தி, என் மாப்பிள்ளை சொன்னது என்று அறிவித்தேன். பூவராகவன் ஒரு சென்னைக் கம்பெனியின் மென்பொருளைக் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் போட்டுப் பார்ப்பது என்று முடிவாகி, மரியாதைக்காக உங்களுடையதை முதலில் எடுத்துக்கொண்டோம்.

போட்டதும் அதில் ஏற்கெனவே ஒரு மாதிரிப் பக்கம் இருந்தது, அதன் கீழே யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் கருத்தும் எழுதியிருந்தார். பூவராகவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "யாரு சார் இந்த ஆளு, நம்மகிட்ட இன்னா டிபார்ட்மென்ட்டு" என்று கேட்டார். ஹெலன் ஊழியர் பட்டியலைத் தேடி, ஒப்பந்தத் தொழிலாளர்கள் பட்டியலையும் தேடி, அப்படி ஒருவர் இல்லை என்று சொன்ன பிறகுதான் அது மென்பொருளோடு வந்த மாதிரி ஆள் என்று தெரிந்தது. பிறகு நான் கேன்டீன் சாப்பாட்டு விவரத்தை ஏற்றினேன். அதன் கீழே உண்மையான ஆட்களே கருத்து எழுத ஆரம்பித்தார்கள். "சாம்பார்ல பருப்பு எங்க சார்" என்று ஒருவர், "நேத்து இருந்துச்சி, நான் பாத்தேன்" என்று இன்னொருவர். எனக்கு இது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பூவராகவன் எல்லோரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று ஒரு அறிவிப்புப் போட, அதன் கீழே "சார் மொதல்ல நீங்க போடுங்க" என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து உங்கள் மென்பொருளின் பெயரைக் கேட்டாலே அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

அதுவரைக்கும்கூடச் சமாளித்திருப்பேன் மாப்பிள்ளை. பழகிப் பார்க்கலாம் என்று ஒரு சாயங்காலம் தனியாக உட்கார்ந்தேன். ஏதாவது எழுத வேண்டுமே, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கை தானாகவே "நாளை விடுமுறை" என்று அடித்துவிட்டது. கடைசியில் இரண்டு பொத்தான் இருந்தது. ஒன்று வரைவாக வைத்துக்கொள்வது, இன்னொன்று வெளியிடுவது. நீலமாக இருந்ததை அமுக்கினேன். நீலம் எப்போதும் நல்லதுக்குத்தான் என்று ஒரு எண்ணம். அதில் எதை வெளியிட்டாலும் எல்லோருடைய போனுக்கும் தகவல் போகிற மாதிரி ஹெலன் ஏற்பாடு செய்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து, மீன் குழம்பு சாப்பிட்டு, ஜெபம் பண்ணி, நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் நான் உள்ளே நுழையும்போது கம்பெனி பஸ் காலியாக நிற்கிறது. உலைப் பக்கம் சத்தமே இல்லை. லோகு என்கிற கிரேன் ஓட்டுபவர் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவருடைய போன் ரிப்பேரில் இருந்ததாம். "இன்னா சார், இன்னிக்கி யாரும் வர்ல, எங்கனா சாவா" என்று கேட்டார். அதே நேரத்தில் பூனேயிலிருந்து வந்த வாடிக்கையாளர்களை எம்.டி. ஆலையைச் சுற்றிக் காட்ட அழைத்துக்கொண்டு வருகிறார். ஓய்வு பெறப்போகிற நேரத்தில் இப்படி ஒரு பெயரா என்று இருந்தது. பூவராகவன் என் தோளைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார். "வாங்க சார், ஊடு ஊடா போய் இட்டுக்கினு வருவோம். பேஜாரு ஆகறதுக்குள்ள கெளம்புங்க" என்றார்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் சில பேர், எங்கள் எளாவூர்ச் செக்போஸ்ட் டீக்கடையில் சில பேர், சூளூர்பேட்டைக்குச் சினிமா பார்க்கக் கிளம்பி பஸ் ஸ்டாப்பில் சில பேர். ஒரு ஆள் நாஷ்டா இலையிலிருந்து எழுந்திருக்காமலே, "சார், லீவுன்னு போட்டதும் நீங்க, வான்னு கூப்புட்றதும் நீங்க. எந்த நோட்டீஸ் சார் செல்லும்?" என்று கேட்டார். அவருக்கு இன்னொரு வடை சொன்னேன். திரும்பும் வழியில் பள்ளிக்கூட வாசலில் எங்கள் ஆலை ஆள் சடையப்பனைப் பார்த்தேன். எப்போதும் முதல் ஷிப்டு என்பதால் பெண்ணை ஒருநாளும் பள்ளியில் கொண்டுபோய் விட்டதில்லை என்று முன்பு ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் பையை அவள் தோளில் மாட்டிவிட்டு, உள்ளே போகிற பிள்ளைக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார். பூவராகவன் திரும்பிப் பார்ப்பதற்குள் ஜீப்பைத் திருப்பச் சொல்லிவிட்டேன். "யாரு சார் அது" என்றார். "தெரியல, நம்ம ஆளு இல்ல" என்றேன்.

மத்தியானத்துக்குள் உலை ஓட ஆரம்பித்தது. சாயங்காலம் எம்.டி. கூப்பிட்டார். அத்தைக்குக்கூடச் சொல்லாமல் மனதுக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். அவர், "எபினேசர், இத்தன வருஷமா நாம போட்ட நோட்டீஸ ஒருத்தன் படிச்சதில்ல. உங்களுத மட்டும் ஒருத்தன் விடாம படிச்சிருக்கான்" என்றார். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று இன்றுவரை விளங்கவில்லை. இனிமேல் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் வெளியே போக வேண்டும், அப்படிப்பட்ட மென்பொருளாகப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சென்னைக் கம்பெனியின் மென்பொருளில் அந்த வசதி முதலிலிருந்தே இருக்கிறது. அதையும் ஒரு வாரம் போட்டுப் பார்த்தோம். கழிவறைக் குழாய் பழுது, வேறு பக்கம் போகவும் என்று ஒரு அறிவிப்பு எழுதினேன். அது ஹெலனுக்குப் போனது. ஹெலன் ஒற்றெழுத்துப் பிழையைச் சுட்டி எனக்கே திருப்பி அனுப்பினார். நான் திருத்தி அனுப்பியபோது அவர் லீவு. அவர் திரும்பி வந்து பூவராகவனுக்கு அனுப்ப, அவர் கடவுச்சொல்லை மறந்துவிட்டார். குழாய் சரியான பிறகு அறிவிப்பு வெளியானது. ஆட்கள் எல்லோரும் நல்ல குழாயை விட்டுவிட்டு மெனக்கெட்டு வேறு பக்கம் போனார்கள். ஆனாலும் பாருங்கள், உலை நிற்கவில்லை. அவசரத்தில் ஒரு வார்த்தைகூட வெளியே போக முடியாத அளவுக்குப் பாதுகாப்பான மென்பொருள் அது. உங்களுடையது கெட்டிக்காரத்தனமானதுதான், ஆனால் கொஞ்சம் வாய்த்துடுக்கு. என்னைப் போன்ற வயதானவன் கையில் கொடுக்கக்கூடியது இல்லை. ஆகவே திங்கட்கிழமை நானே கையெழுத்துப் போட்டு, மாப்பிள்ளை சொன்னதைத் தள்ளிவிட்டு அதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் அத்தை அரிவாள்மணையிலிருந்து எழுந்துவிட்டாள். "மாப்ள சொன்னத வாணாம்னு எழுதிக் குட்த்துட்டு, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவங்க ஊட்டுல போய் பிரியாணி துன்னுவ?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு ரசம்தான். தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளாமல், ஞானஸ்நானத்தன்று என்னிடம் பழையபடியே பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் மென்பொருள் விஷயத்தில் உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டேன். இது உறுதி.

ஜெனிபரை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். குழந்தைக்குக் காதில் குளிர் அடிக்காமல் பார்த்துக்கொள்ளவும். உங்கள் வீட்டுக் கூரையின் கீழ் சமாதானமும், தட்டில் நிறைவும், போனில் நல்ல செய்தியும் எப்போதும் இருக்கும்படி ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

அன்புள்ள மாமா,
எபினேசர்

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் ஹெலன் போன் செய்தார். சென்னைக் கம்பெனியின் மென்பொருளை எல்லோரும் சும்மா பார்க்க முடிந்தது சோதனை வாரத்துக்கு மட்டும்தானாம், இனி அதைப் பார்க்க ஒவ்வொரு ஊழியருக்கும் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டுமாம். எங்கள் ஆலையில் அது இருப்பது ஆபீஸில் உள்ளவர்களுக்கு மட்டும்தான், அவர்களும் அதைத் திறப்பதில்லை. ஒப்புதல் வசதியை உங்கள் மென்பொருளிலேயே கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஹெலன் கண்டுபிடித்துச் சொல்ல, எம்.டி. உங்களுடையதையே உறுதி செய்துவிட்டார். வேறு தாள் கைவசம் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். நான் மேலே சென்னை மென்பொருளைப் பற்றி எழுதிய புகழ்ச்சியை உங்களுடையதற்கும், உங்களுடையதைப் பற்றி எழுதிய குறையை அதற்கும் மாற்றிப் படித்துக்கொள்ளவும். மன்னிப்பு கேட்ட வரிகளைப் படிக்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போனைக் கையிலேயே வைத்திருக்கவும். பூவராகவனும் நானும் கூப்பிடுவோம்.