ரெண்டு சில்லு, நாலு ஒயரு

'அதுல என்ன பெரிசா இருக்கு' என்றொரு மனித இனம் உண்டு. தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஃபிரிட்ஜ் பழுதுபார்க்க வந்தவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடியே பல்லடைக்கிற சிமென்ட் என்ன விலை என்று கேட்க முயல்கிறவர், எந்தப் பொருளானாலும் அதிலிருக்கும் தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மட்டும் விலை போடுகிறவர். மூளையும் உழைப்பும் இவர்கள் தராசில் நிற்காது.

இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் கடையில் யாராவது, "ரெண்டு துண்டுக் கண்ணாடிக்கா இந்த விலை?" என்று கேட்டுவிட்டால் போயிற்று. "பார்வைங்க! நான் பார்வையை விக்கறேன்!" என்று முகம் சிவந்துவிடுவார்.

ஒருநாள் அவருடைய பழைய காரின் எஞ்சின் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் ஊட்டுவது, எந்த நொடியில் பற்றவைப்பது என்றெல்லாம் முடிவு செய்கிற பெட்டி அது. காரைச் செய்த கம்பெனி அந்தப் பெட்டியைக் கைவிட்டு நாளாகியிருந்தது. வெளிக் கம்பெனிக்காரர்கள் செய்வதுதான் கிடைக்கும் என்று சொல்லி, உதிரிபாகக் கடை அம்மாள் விலையையும் சொன்னார். நம்மவர் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"காருக்கா சொல்றீங்க?"

"பெட்டிக்கு."

"ரெண்டு சில்லு, நாலு ஒயரு. அதுல என்னம்மா பெரிசா இருக்கு?"

அம்மாள் கொட்டாவி விட்டார். தினமும் கேட்கிற பாட்டு போலும்.

"பகல் கொள்ளை! நானே செஞ்சுக்கறேன்" என்று வீடு திரும்பினார்.

செய்தார். சும்மா சொல்லக்கூடாது, செய்தே விட்டார். சாப்பாட்டு மேசை அவர் வசமாயிற்று. குடும்பம் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டது. முதல் பெட்டி எஞ்சின் சூட்டில் உருகி வழிந்தது. அடுத்தது குலுக்கலில் உதிர்ந்தது. அதற்கடுத்ததை மழை குடித்துவிட்டது. அப்புறம் ஒன்று பிழைத்தது! அதற்கு ஒரே ஒரு குறை. இடப்பக்கம் திரும்புவதற்கான விளக்கைப் போட்டால் எஞ்சின் அணைந்துவிடும்; அணைந்தால் லேசில் கிளம்பாது.

அன்று பார்த்து மனைவிக்கு நேர்காணல். தலைமை நர்ஸ் பதவி. பல வருடம் காத்திருந்து வந்த வாய்ப்பு.

"நான் டாக்சி பிடிச்சுக்கறேனே."

"நம்ம கார் இருக்கும்போதா? ஏறு!"

விளக்குப் போடாமல் திரும்பினால் போலீஸ் பிடிக்குமே என்று, இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் மும்முறை வலப்பக்கம் திரும்பினார்கள். அதே பூக்கடையைத் திரும்பத் திரும்பக் கடந்ததில், பூக்காரம்மாள் கையசைக்கத் தொடங்கிவிட்டாள்.

"என்னங்க, நிறுத்துங்க. நான் இறங்கிக்கறேன்."

"நிறுத்தினா அப்புறம் கிளம்பாதே!"

மனைவி செருப்பைக் கையில் எடுத்தாள். கதவைத் திறந்தாள். நத்தை வேகத்தில் போய்க்கொண்டிருந்த காரிலிருந்து குதித்து, ஆஸ்பத்திரியைப் பார்த்து ஓடினாள்.

வேலை கிடைத்துவிட்டது. மூச்சிரைக்க வந்து நின்ற ஆர்வம் தேர்வுக் குழுவுக்குப் பிடித்துப்போயிற்றாம்.

"அப்ப என் பெட்டியாலதான் கிடைச்சிருக்கு" என்றார் கணவர். அன்று மாடிப்படியிலும் அவருக்கு இடம் இல்லை.

செய்தி மனைவியின் தம்பிக்கு எட்டியது. அவனிடமும் அதே மாதிரிக் கார். "அத்தான், எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க" என்று வந்து நின்றான். நம்மவர் மோவாயைத் தடவினார், கூரையைப் பார்த்தார், ஒரு விலை சொன்னார். உதிரிபாகக் கடை விலையைப் போல் இரண்டு மடங்கு.

"என்ன அத்தான் இது!"

"மாப்ளே, காரைச் செய்யறவன் ஒரே பெட்டியை லட்சம் காருக்குப் போடறான், செலவு பிரிஞ்சு போயிடுது. நான் உன் ஒருத்தனுக்காக உக்காரணும். உன் எஞ்சின் எப்பெப்போ முரண்டு பிடிக்குதுன்னு பாக்கணும். வெயில்ல, மழைல, மேட்டுல ஓட்டணும். நடுரோட்டுல நின்னா யாரைக் கூப்பிடுவே? என்னைத்தானே!"

"சரி, ரெண்டு பக்கமும் திரும்புமா?"

"அதுக்குத் தனி விலை."

தம்பி நேராக உதிரிபாகக் கடைக்குப் போனான்.

சிரிக்கிறீர்களா வாசகரே? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். மிக்ஸியைப் பிரித்து மறுபடி பூட்டியபோது மிஞ்சிய ஸ்க்ரூக்கள், 'இதெல்லாம் கம்பெனிக்காரன் அழகுக்குப் போட்டது' என்று நீங்கள் ஒதுக்கிவைத்தவை, இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன.