நாலு எட்டு நடந்து பாருங்க

செருப்பு, ஷூ தைக்கும் ஹீல்காரருக்கு வாயில் ஊற்றிய டீ உள்ளே இறங்கவில்லை. கடை வாசலில், விடியற்காலையில் போட்ட சிமெண்ட் பாதையின் நட்டநடுவில், இரண்டு காலடித் தடங்கள்.

சாதாரணத் தடமாக இருந்தால் யாரோ எவரோ என்று விட்டிருப்பார். இது குதிகாலிலிருந்து விரல் வரை அம்பு அம்பாக டயர் அச்சு. பழைய ஜீப் டயர் ஒன்றை வாங்கி வந்து, தோல் கத்தியால் அறுத்து, போன மாதம்தான் தன் ஷூவுக்கு சோலும் ஹீலும் போட்டிருந்தார். எந்தப் புது ரப்பரையும் முதலில் தன் காலில் போட்டு நடந்து தேய்த்துப் பார்ப்பது அவர் பழக்கம். சரிப்பட்டு வந்தால்தான் அடுத்தவர் காலுக்கு. ஆக, இந்த அம்பு ஊரிலேயே ஒரே ஒரு ஜோடிதான். அது இப்போது அவர் காலில் இருந்தது.

ஓரத்தில் போட்டிருந்த பலகை மேல் நடந்து வந்ததாகத்தான் அவருக்கு ஞாபகம். ஆனால் அந்த ஞாபகத்தை நம்பி சத்தியம் செய்ய முடியாது. வழி நெடுக அவர் ஓனரம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

ஓனரம்மா மாடியில் குடியிருந்தார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். உண்மையில் ஓய்வு கிடைத்தது பள்ளிக்கூடத்துக்குத்தான் என்று தெருவில் பேச்சு. கீழே இருக்கும் கடை அறையைச் செல்போன் கடைக்காரர் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "உனக்கா, அவருக்கான்னு நாளைக்குச் சொல்றேன்" என்று நேற்று சொன்ன ஓனரம்மா, அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: "காலைல பாதை போடறாங்க. அதுல கால் வெச்சவன் யாரா இருந்தாலும் இந்தக் கட்டடத்துல அவனுக்கு இடமில்ல!"

இந்த அறை போனால் ஹீல்காரருக்குப் பிளாட்பாரம்தான் கதி. கொத்தனாரோ பாதையைப் போட்டுவிட்டு, சிமெண்ட் போதாமல் இன்னொரு மூட்டை வாங்கப் போயிருந்தார்.

ஹீல்காரர் ஒரே தாவலில் கடைக்குள் போனார். ஷூவைக் கழற்றினார். குறடால் ஆணிகளைப் பிடுங்கி, இரண்டு சோலையும் பிய்த்து, எதிர் டீக்கடை அடுப்பில் போட்டுவிட்டு வந்தார்.

மெஷினில் செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார்.

"என்னங்க அது? நல்ல சோல எதுக்குப் பிச்சீங்க?"

விஷயத்தைச் சொன்னார்.

"சரி, சோல்ல சிமெண்ட் ஒட்டியிருந்துச்சா?"

"பார்க்கலையே."

"பார்க்காமலேயா எரிச்சீங்க?"

"தடயத்த எரிக்கிறவன் அதை ஆற அமர உக்காந்து பார்த்துக்கிட்டா இருப்பான்?"

அதற்குள் எதிர்க் கடையிலிருந்து கருப்புப் புகை கிளம்பியது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. தையல்காரர், வாட்ச்மேன், பால்காரர், டியூஷன் டீச்சர் என்று தெருவே டீக்கடை முன்னால் கூடிவிட்டது. டீக்கடைக்காரர் கரண்டியை ஆட்டிக்கொண்டு யாரையோ திட்டினார். யாரை என்று அவருக்கே தெரியவில்லை.

"கூட்டம் இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள தடத்த மூடிடறேன்" என்று ஹீல்காரர் சோல் தேய்க்கும் கட்டையோடு வெளியே வந்தார். பலகையில் மண்டியிட்டு, தடத்தின் மேல் லேசாகத் தடவினார். பலகை நழுவியது. இரண்டு உள்ளங்கையும் மணிக்கட்டு வரை சிமெண்டில் இறங்கின.

கையை உருவிக்கொண்டு பார்த்தார். முன்னால் இரண்டு கால், பின்னால் இரண்டு கை. ஏதோ ஒரு பெரிய குழந்தை தவழ்ந்து வந்து எழுந்து நடந்தது மாதிரி இருந்தது.

"பேசாம மேல போய் ஒத்துக்கோங்களேன்" என்றார் மனைவி.

"ஒத்துக்கிட்டா இன்னிக்கே சாமானைத் தூக்கணும். நீ சும்மா இரும்மா, எனக்கு ஒண்ணு தோணுது."

தோன்றியிருக்கவே கூடாது. அம்பு சோல் ஒருவனிடம் இருந்தால் அவன் மாட்டிக்கொள்வான். ஊருக்கே இருந்தால் யாரைப் பிடிப்பார்கள்? டயரில் முக்கால்வாசி மீதி இருக்கிறதே!

ஹீல்காரர் கையைக் கழுவிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கூவினார். "புது ஜீப் டயர் சோல்! இன்னிக்கு மட்டும் இனாம்!"

இனாம் என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டம் புகையை மறந்தது. பலகை மேல் வரிசையாக வந்து கடையை அடைத்துக்கொண்டது. ஹீல்காரர் வாழ்க்கையில் அத்தனை வேகமாக வேலை செய்ததில்லை. பழைய ஹீலைப் பெயர்த்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பிசுக்குப் பதம் வந்ததும் ரப்பரை ஒட்டி, சுத்தியலால் தட்டி, ஆணி அடித்து, ஓரத்தைச் சீவினார். உண்மையைச் சொன்னால், நடுவில் சந்தோஷமாகக்கூட இருந்தது. கை நிறைய வேலை இருந்தால் அவருக்குக் கவலை மறந்துவிடும்.

கவலை மறந்ததுதான் வினையாகப் போயிற்று. வாட்ச்மேன் ஷூவை மாட்டிக்கொண்டதும், தொழில் தொடங்கிய நாளிலிருந்து எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்லிப் பழகிய வார்த்தை வாயிலிருந்து தானாக வந்தது.

"நாலு எட்டு நடந்து பாருங்க."

வாட்ச்மேன் நடந்து பார்த்தார். அணிவகுப்பு மாதிரி சிமெண்டில் கேட் வரை போய், ஒரு சல்யூட் அடித்துத் திரும்பி வந்தார். "அருமையா இருக்கு!"

"நாலு எட்டு நடந்து பாருங்க" என்றார் ஹீல்காரர், குனிந்த தலை நிமிராமல், பால்காரரிடம். பிறகு தையல்காரரிடம். பிறகு டீச்சரிடம். டீச்சர் சந்தேகம் தீரும்வரை நடந்தார்.

மனைவி வாயில் நூலைக் கடித்துக்கொண்டிருந்தார். அதைத் துப்பிவிட்டு, "என்னங்க, வெளிய பாருங்க!" என்று கத்துவதற்குள் பாதை முழுக்க அம்புகள். போகிற அம்பு, வருகிற அம்பு, குறுக்கே திரும்பிய அம்பு. அந்தப் பாதையைப் பார்த்து வழி தேடுகிறவன் வீடு போய்ச் சேர மாட்டான்.

சரியாக அந்த நேரத்தில் ஓனரம்மா மாடிப்படியில் இறங்கி வந்தார். கடைசிப் படியில் நின்றார். பாதையைப் பார்த்தார். டீச்சர்கூட மாணவி மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

"யார் வேலை இது?"

ஹீல்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். வாட்ச்மேன் வெலவெலத்துப்போய் நிற்பதைப் பார்த்தார். தன்னை நம்பிக் காலை நீட்டிய மனுஷன். அவரை மாட்டிவிட மனசு வரவில்லை.

"எல்லாம் என்னாலதாம்மா. இவங்க மேல ஒரு தப்பும் இல்ல. காலைல முதல்ல மிதிச்சது நான். அத மறைக்கப் போய்த்தான் இவ்வளவும். இடத்தக் காலி பண்ணச் சொன்னாலும் சரிம்மா. உண்மையச் சொல்லிட்டேன், அது போதும்."

மனைவி பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

ஓனரம்மாவின் முகத்தில் கோபத்தைக் காணோம். ஏதோ ஒரு திகைப்புதான் இருந்தது.

"முதல் ரெண்டு தடமும் உன்னோடதா? நல்லாத் தெரியுமா?"

"என் கையால வெட்டின சோல் எனக்குத் தெரியாதாம்மா? அப்ப ஊர்லயே இது ஒரு ஜோடிதான்."

ஓனரம்மா பெரிய மூச்சாக விட்டார். "சரி, தைரியமா ஒத்துக்கிட்டே. அந்த ரெண்டு தடத்த நான் மன்னிச்சிடறேன்ப்பா. அதப் பத்தி இனி யாரும் பேச வேண்டாம்."

"ஒரு நிமிஷம்" என்றார் மனைவி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. "போன மாசம் நீங்க சரக்கு எடுக்கப் போயிருந்தப்ப, மிச்சம் கிடந்த டயர்த் துண்டுல நான் ஒருத்தருக்கு…"

ஓனரம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அப்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு, சைக்கிளில் சிமெண்ட் மூட்டையோடு கொத்தனார் வந்தார். பாதையைப் பார்த்து ஒரு கணம் வாயைப் பிளந்தார். அப்புறம் ஹீல்காரர் கண்கலங்கி நிற்பதைப் பார்த்தார். ஓனரம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டியதை மட்டும் பார்க்கவில்லை.

"என்னம்மா, இவர்கிட்ட இன்னுமா சொல்லல? 'கடை உனக்குத்தான்'னு சொல்ல ஓடின அவசரத்துல ஈரத்த மிதிச்சுட்டேன், வெளிய சொல்லிடாதேன்னு அந்த அம்புச் செருப்ப காலைல என்கிட்டதானே கழுவக் கொடுத்தீங்க!"