இரட்டைச் சைக்கிளில் ஒற்றை ஆள்

மலை விடுதி, மாடி அறை.
காலையிலிருந்து மழை.

மேன்மை தங்கிய சம்பந்தி அவர்களுக்கு,

நான் நலமாகவே இருக்கிறேன் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் நலத்தையும், சம்பந்தியம்மாவின் நலத்தையும், தங்களுடைய வலது முழங்காலின் நலத்தையும் தனித்தனியே விசாரித்ததாகக் கொள்ளவும். போன் செய்திருக்கலாமே, கடிதம் எதற்கு என்று சம்பந்தியம்மா கேட்பார்கள். இந்த மலையில் சிக்னல் கிடையாது. கிடைத்தாலும் தாங்கள் எடுக்கப்போவதில்லை. பேரக்குழந்தையின் பிறந்த நாளுக்குப் பிறகு நான் செய்த போனெல்லாம் தங்கள் வீட்டுக் கூடத்தில் அடித்து அடித்து ஓய்ந்தது எனக்குத் தெரியும். ஆகவே கீழே இறங்கும் பஸ்ஸின் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தங்கள் தெருமுனையில்தான் வண்டியைத் திருப்புவாராம்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. என் மகளும் தங்கள் மகனும் வேலை மாற்றலாகி வெளியூர் போனபோது, ஆசையாக வாங்கி ஓட்டாமலே விட்டிருந்த அந்த இரட்டை இருக்கைச் சைக்கிளை நம் இருவர் தலையிலும் கட்டிவிட்டுப் போனார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை, "நீங்க முன்னாடி உக்காருங்க சம்பந்தி", "சேச்சே, நீங்க இருக்கும்போது நானா" என்று நாம் மாற்றி மாற்றி உபசாரம் செய்துகொண்டதில் வெயில் ஏறிவிட்டது. "யாராவது ஒருத்தர் உக்காந்து தொலைங்களேன்" என்று சம்பந்தியம்மா ஜன்னலிலிருந்து கத்திய பிறகுதான் நான் முன்னால் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து முன் இருக்கை எனக்கு என்று ஆகிவிட்டது. நான் கேட்டு வாங்கவில்லை. பிறகு அந்தப் பிறந்த நாள். தங்கள் வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து வீடியோவில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்ததும், "ரெண்டு பேரும் மூணு கணவாயும் ஏறப் போறீங்களாமே, முடியுமாப்பா?" என்று என் மகள் கேட்டதும், நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "எனக்கென்னம்மா, மிதிக்கிறது நான். சம்பந்தி பின்னாடி உக்காந்து காத்து வாங்குவார்" என்று சொன்னதும் உண்மை. விளையாட்டாகத்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். தாங்கள் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "அப்ப நான் எதுக்கு? நீங்களே போயிட்டு வாங்க" என்றீர்கள். அதன்பிறகும் மரியாதை குறையாமல் வாசல் வரை வந்து என்னை வழியனுப்பினீர்கள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் மறுநாளே வந்திருப்பேன்.

அந்தச் சைக்கிளின் அமைப்பு தங்களுக்குத் தெரியாததல்ல. முன் பெடல் சுற்றினால் பின் பெடலும் தானாகச் சுற்றும். பின்னால் இருப்பவர் மிதிக்கிறாரா, பெடல்மேல் காலை வைத்துக்கொண்டு ஊர்கோலம் போகிறாரா என்பது முன்னால் இருப்பவருக்கு எந்தக் காலத்திலும் தெரியாது. நான் சொன்னது தப்பு என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் தனியாகவே கிளம்பினேன். அடிவாரத்தில் பஸ் கூரையிலிருந்து சைக்கிளை இறக்கி ஏறி உட்கார்ந்ததும் சாலை மேல்நோக்கிப் போனது. நான் போகவில்லை. ஏதோ கோளாறு என்று இறங்கிச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயினைப் பார்த்தேன், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், பிரேக் உரசுகிறதா என்று காது வைத்துக் கேட்டேன். வாழ்நாள் முழுக்க லிப்ட் பழுது பார்த்தவன், ஊரையே மேலே ஏற்றி இறக்கியவன், என்னாலேயே ஒரு கோளாறும் கண்டுபிடிக்க முடியவில்லை. போன தடவை நாம் ஒத்திகைக்கு வந்து ஏறிய அதே முதல் வளைவுதான். மலை கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்து, மிதித்தும் தள்ளியும் ஏறத் தொடங்கினேன்.

காடு தொடங்கியதும் அடுத்த தொல்லை தொடங்கியது. எதிரே வந்த மர லாரிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஐயா, பின்னாடி இருந்தவர் விழுந்துட்டார்!" என்று அலறினார். யாரும் விழவில்லை என்று நான் சொல்வதற்குள், அந்த நல்ல மனிதர் லாரியை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளத்தில் எட்டிப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்துக்கு ஒரு வனக்காவலர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். "கடைசியா அவரை எங்க பாத்தீங்க?" என்று கேட்டார். "பிறந்த நாள் விழாவுல" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆரம்பத்திலிருந்தே ஒரு ஆள்தான் என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்ன பிறகு, சைக்கிளை ஒரு தடவை சுற்றி வந்து, "சைக்கிள் நல்லாத்தான் இருக்கு. ஆள்தான் பாதி குறையுது" என்றார். போகும்போது திரும்பி, "சண்டையா?" என்று மெதுவாகக் கேட்டார். மூச்சு வாங்குகிறது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

இனி எவனுக்கும் விளக்கம் சொல்ல முடியாது என்று, தாங்கள் சைக்கிள் பையிலேயே விட்டுப்போன மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து, அதற்குள் என் மாற்றுத் துணிகளைத் திணித்து, பின் இருக்கையில் உட்கார வைத்துக் கட்டினேன். தலையில் தங்கள் தொப்பியும் வைத்தேன். அதன்பிறகு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை, வணக்கம் வேறு வைத்தார்கள். நடுவழி டீக்கடைக்காரர் இரண்டு டீ கொண்டுவந்து, "அவர் எறங்கலையா?" என்றார். "கோவமா இருக்கார்" என்றேன். "நீங்கதான் சமாதானம் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு டீயையும் நானே குடித்தேன். இரண்டாவது ஆறிப்போயிருந்தது.

சம்பந்தி, ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவருக்குச் சாலை தெரியாது என்பதால் முன்னால் இருப்பவன் குரல் கொடுக்க வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம் அல்லவா? வாய் சும்மா இருக்கவில்லை. "வளைவு வருது" என்கிறேன். "பள்ளம்" என்கிறேன். "கல்லு, கல்லு" என்கிறேன். மழைக்கோட்டுக்குத்தான் சொல்கிறேன் என்று தெரிகிறது, இருந்தாலும் நிறுத்த முடியவில்லை. தாங்கள் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பீர்கள். அவ்வளவுதான், ஒரு "ம்". அது வரும்வரை காத்திருந்துவிட்டு அப்புறம் வளைப்பது என் கைக்குப் பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது. "ம்" வராததால் இரண்டு வளைவுகளில் வளைக்காமல் நேரே போய்ப் புதரில் இறங்கினேன். என் வீட்டில் எனக்கு "ம்" சொல்ல ஆள் இல்லாமல் போய் வருடங்கள் ஆயின. வாரம் முழுக்கச் சேர்த்துவைத்து ஞாயிற்றுக்கிழமை தங்கள் முகத்துக்குப் பதில் எதிர்க்காற்றிடம் பேசுவேன், பின்னாலிருந்து பதில் வரும். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தக் காட்டில் வந்து உட்கார்ந்தால்தான் தெரியும்போல. மரங்கள் எல்லாம் இருக்கின்றன, குருவி கூடக் கத்துகிறது. ஒன்றுகூட எனக்கு "ம்" சொல்லவில்லை.

உச்சியை எப்படியோ அடைந்தேன். மேகம் விலகி, மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை, எல்லாம் காடு. "பாருங்க சம்பந்தி" என்று சத்தமாகச் சொல்லித் திரும்பினால் தொப்பி சரிந்து கிடக்கிறது. அதை நேராக வைத்துவிட்டு இறக்கத்தில் விட்டேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, மலை இறக்கத்துக்கென்று மாப்பிள்ளை தனியாக மாட்டிய பெரிய பிரேக்கின் பிடி பின் இருக்கைக்காரர் கையில் அல்லவா இருக்கிறது! ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து, மறு கையைப் பின்னால் விட்டுத் துழாவினேன். மழைக்கோட்டின் கை என் கையில் வந்தது. பிரேக் வரவில்லை. நான் போய் விழுந்த இடத்தில் மெத்தைபோல் பெரணிச் செடிகள் இல்லையென்றால் இந்தக் கடிதம் இல்லை. முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. அதற்குப் பிறகு இந்த விடுதி வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஏறும்போது பாதி தள்ளினேன், இறங்கும்போது முழுக்க நடந்தேன். ஆக, சைக்கிள் என்னைக் கணவாய் தாண்டவைத்தது என்பதைவிட, நான் சைக்கிளைக் கணவாய் தாண்டவைத்தேன் என்பதே பொருந்தும்.

விடுதிக்கார அம்மா சைக்கிளைப் பார்த்துவிட்டு இரட்டைக் கட்டில் அறையைத் திறந்து, இரண்டு துண்டுகளும் வைத்துவிட்டார்கள். "அருவி பாத்தீங்களா? இந்தப் பக்கம் வர்ற எல்லாரும் அங்க நின்னு பாக்காம வரமாட்டாங்க" என்றார்கள். எந்த அருவி என்று விழித்தேன். சாலைக்கு இடது பக்கத்திலேயே கொட்டுகிறதாம். நான் சாலையையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். எப்போதும் தாங்கள்தானே "இடது பக்கம் பாருங்க", "அதோ மயிலு", "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்பீர்கள்? காலமெல்லாம் கடை வைத்து ஊருக்கே மூக்குக் கண்ணாடி போட்டுவிட்டவர் தாங்கள், என் பங்கு வேடிக்கையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறீர்கள். இப்போது மழைக்கோட்டு எதிர்க் கட்டிலில் காய்கிறது. ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறேன், என் பக்கம் இருந்தால் முறைப்பதுபோல் இருக்கிறது.

ஆனால் இதையெல்லாம் வைத்து நான் கஷ்டப்படுகிறேன் என்று தாங்கள் நினைக்க வேண்டாம். தனியாகப் போவதில் ஒரு சுகம் இருக்கிறது. யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. மீதி இரண்டு கணவாய்களையும் இதேபோல் முடித்துவிட்டு வருவேன். தாங்கள் வந்து என்னை அழைத்துப்போக வேண்டும் என்றெல்லாம் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். குழந்தைகள் பேசினால் தாத்தா சௌக்கியம் என்று சொல்லவும், புதரைப் பற்றிச் சொல்ல வேண்டாம். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பி.கு.: பஸ் மதியம் இந்த விடுதி வாசலிலேயே நிற்கும். நீங்க வர்ற வரைக்கும் நான் இரண்டாவது கணவாய்ப் பக்கம் தலை வைத்தும் படுக்கப் போவதில்லை, தினமும் மதியம் வாசலில் உட்கார்ந்திருப்பேன். முன் இருக்கையை உங்க உயரத்துக்கு இறக்கி ஸ்க்ரூவை முறுக்கிவிட்டேன். நீங்க முன்னாடி உக்காருங்க சம்பந்தி, உபசாரத்துக்குச் சொல்லவில்லை. பின்னாடி உக்காந்து நான் "ம்" சொல்றேன்.