சாப்பிட்டேம்மா

"பிரேமு, சாப்பிட்டியாடா?"

தர்மராஜின் இரண்டு கையிலும் வார்னிஷ். செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகி, கழுத்தை ஒரு பக்கமாக ஒடித்து வைத்திருந்தான். எதிரில் ஒரு விவசாயி, கருகிப்போன மோட்டாரோடு அழாத குறையாக நின்றுகொண்டிருந்தார். போனில் பேசுவது யார், பிரேமு என்பவன் யார் என்று விசாரிக்கிற நிலைமையில் அவன் இல்லை. ஒரு வயதான அம்மாள் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். சாப்பிட்டது உண்மை.

"சாப்பிட்டேம்மா" என்றான்.

பெரம்பலூரில் மூத்த பெண்மணி யாராக இருந்தாலும் அம்மாதான். கீரைக்காரி, நர்ஸ், பஸ்ஸில் காலை மிதித்தவள் எல்லோருமே அம்மா. அந்த மரியாதையில்தான் சொன்னான். மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு கேட்டது.

"இது போதும்டா எனக்கு. நாளைக்குப் பேசுறேன்."

அப்போது 2005. துறைமங்கலம் சாலையில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருந்தான் தர்மராஜ். பொய் சொல்லாதவன் என்று அவனுக்கு ஊருக்குள் ஒரு பெயர் உண்டு. அது அவனுக்கு வியாபாரத்தில் பெரிய தொந்தரவு. மற்ற கடைக்காரர்கள் "சாயங்காலம் ரெடி" என்பார்கள். இவன் "நாலு நாள் ஆகும்" என்பான். அங்கே கொடுத்தவர்களுக்கும் நாலு நாள்தான் ஆகும். ஆனால் சாயங்காலம் வரைக்குமாவது சந்தோஷமாக இருப்பார்கள். இவன் கடையில் நின்றுகொண்டு செல்போனில் "திருச்சி ஜங்ஷன்ல நிக்கிறேன்" என்று யாராவது பேசினால், வெளியே போய் நின்று பேசச் சொல்லிவிடுவான்.

மறுநாள் அதே நேரத்துக்கு அதே எண். ஜெயங்கொண்டம் பக்கத்து லேண்ட்லைன்.

"அம்மா, நீங்க யாருன்னு..."

"குரல் ஏன்டா ஒரு மாதிரி இருக்கு? சளி புடிச்சிருக்கா?"

ராங் நம்பர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அந்தக் குரலில் இருந்த பதற்றம் அவனைத் தடுத்தது. இவ்வளவு அக்கறையாகக் கேட்பவளிடம், நான் யாரோ என்று எப்படிச் சொல்வது?

"லேசா சளிதாம்மா."

"அதான பாத்தேன். இப்ப எந்த ஊர்ல இருக்கேன்னு சொன்ன?"

"பெரம்பலூரு" என்றான். ஒரு உண்மையாவது சொல்ல முடிந்ததில் அவனுக்கு அத்தனை நிம்மதி.

அந்த உண்மைதான் அவனைக் கவிழ்த்தது. இரண்டு நாளில், உடையார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிட்டதாக ஒரு மஞ்சள் பை வந்து சேர்ந்தது. உள்ளே கற்பூரவல்லி இலை, சுக்கு, இரண்டு கிலோ முந்திரிப் பருப்பு. பையின் மேல் 'பிரேமு, பெரம்பலூர்' என்று எழுதி, கீழே அவனுடைய செல் நம்பர். கண்டக்டர் போன் போட்டு அழைத்துக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

"ஏதுங்க முந்திரி?" என்று கேட்டாள் அவன் மனைவி பிரவீணா.

"கஸ்டமர் குடுத்தாரு."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் வீட்டுக்குள் அவன் சொன்ன முதல் பொய் அது. முந்திரி தொண்டைக்குள் இறங்கவில்லை. யாரோ ஒரு மகனுக்குத் தாய் உடைத்து அனுப்பிய பருப்பு. இருந்தாலும் பிரவீணா அதை வறுத்து உப்பும் மிளகும் போட்டிருந்ததால், நாலைந்து வாய்க்குப் பிறகு இறங்கியது.

அடுத்த போன்.

"அனிதாகிட்ட குடுடா. மருமவகிட்ட பேசி எத்தன நாளாச்சு."

அனிதா என்று ஒருத்தி இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

"அவளுக்கு உடம்பு சரியில்லம்மா. படுத்திருக்கா."

"என்ன உடம்புக்கு?"

காய்ச்சல் என்றால் மருந்து அனுப்புவாள். கால்வலி என்றால் தைலம் அனுப்புவாள். எதையும் பையில் கட்டி அனுப்ப முடியாத நோயாக ஒன்றைத் தேடினான்.

"வாந்திம்மா" என்றான்.

மறுமுனையில் மெல்ல, "மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா" என்று குரல் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குப் புரிய, ஒரு மோட்டாருக்குக் காயில் கட்டி முடிக்கிற நேரமானது. புரிந்ததும் போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டான். மூன்று நாள் அணைந்தே கிடந்தது. அந்த மூன்று நாளில், போன் போட்டுப் பார்த்த ஆறு பேர் தங்கள் மோட்டாரை வேறு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலாவது நாள் வேறு வழியில்லாமல் போட்டான். போட்ட நிமிஷமே அடித்தது.

"பிரேமு... உசுரு வந்துச்சுடா சாமி. போனு கெடைக்காம பைத்தியமா ஆயிட்டேன். என் புள்ள குரலக் கேட்டுட்டா, அவன் சமயபுரத்துல முடி எறக்குவான்னு வேண்டிக்கிட்டேன். கேட்டுட்டேன். இந்த வெள்ளிக்கெழமையே போயிட்டு வந்துரு."

"யாரு முடிம்மா?"

"உன் முடிதான்டா. வேற யாரு முடிய நான் வேண்டிக்க முடியும்?"

தர்மராஜுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. ஒரு மனுஷியிடம் ராங் நம்பர் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆத்தாவிடம் அப்படிச் சொல்ல முடியுமா? வேண்டுதல் போய்ச் சேர்ந்துவிட்டது. அது எந்தத் தலைக்கு என்று ஆத்தா நம்பர் பார்த்துக்கொண்டிருப்பாளா? பிரேமு என்பவன் எங்கேயோ சுகமாக முடி வளர்த்துக்கொண்டிருக்கட்டும்; வேண்டிக்கொண்டவள் வாக்கு பொய்யாகக் கூடாது. வெள்ளிக்கிழமை சமயபுரம் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

வாசலில் பிரவீணா அவனை அடையாளம் தெரியாமல், "அவரு இல்லீங்க, கடைக்குப் போயிருக்காரு" என்றாள்.

அன்றைக்கு எல்லாம் வெளியே வந்தது. சந்தனம் பூசிய தலையோடு அவன் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னான். பிரவீணா கடைசிவரைக்கும் கேட்டாள்.

"சரி. யாரு அந்த அனிதா?"

"அதான் சொன்னேன்ல, எனக்கே தெரியாது."

"தெரியாதவளுக்கு வாந்தி வந்தது மட்டும் எப்படித் தெரியும்?"

பிரவீணா முடிவெடுத்தாள். "நாளைக்குப் போனு வந்தா எங்கிட்ட குடுங்க. ஒரே வார்த்தையில முடிச்சு விடுறேன். பொய் சொல்லத் தெரியாத ஆளு பொய் சொன்னா இப்படித்தான் ஆவும்."

போன் வந்தது. பிரவீணா வாங்கினாள். நிமிர்ந்து நின்றாள். "இங்க பாருங்கம்மா" என்று ஆரம்பித்தாள்.

"அனிதாவா? கண்ணு, நல்லாருக்கியா? எத்தன மாசம்டா தங்கம்?"

தர்மராஜ் பார்த்துக்கொண்டே இருந்தான். பிரவீணாவின் வாய் திறந்தது, மூடியது. கண் மட்டும் எங்கேயோ போய்விட்டு வந்தது.

"ஏழு" என்றாள்.

அப்புறம் கால் மணி நேரம், "சரிங்கத்த, சரிங்கத்த" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். புளிப்பு சாப்பிடத் தோன்றுகிறதா என்ற கேள்விக்கு ஆமாம் என்றாள். கால் வீக்கம் இருக்கிறதா என்றதற்குக் குனிந்து காலைப் பார்த்துவிட்டு, இல்லை என்றாள். போனை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரே வார்த்தையில முடிக்கிறேன்னு சொன்ன" என்றான் தர்மராஜ்.

"ஒரே வார்த்தைதான சொன்னேன்."

"ஏழுன்னு ஏன் சொன்ன?"

பிரவீணா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ஆறு வருசமா எல்லாரும் விசேஷம் உண்டா, விசேஷம் உண்டான்னு கேட்டாங்க. இவங்க ஒருத்தங்கதாங்க எத்தன மாசம்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல."

அவன் வறுத்த முந்திரியை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

"இன்னொன்னு" என்றாள் அவள். "வர்ற ஞாயித்துக்கெழம வளைகாப்பாம். உடையார்பாளையத்துல பந்தல் போடச் சொல்லிட்டாங்க. நாம போவலன்னா வேன் புடிச்சுத் தெருவோட இங்க வந்துருவாங்களாம்."

நேரில் போய் உண்மையைச் சொல்லி, காலில் விழுந்துவிடுவது என்று முடிவானது. பூவும் பழமும் வாங்கிக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்றாள் பிரவீணா. மஞ்சள் புடவை ஏன் கட்டியிருக்கிறாள் என்று கேட்டதற்கு, வேறு புடவை துவைக்கவில்லை என்றாள்.

பஸ்ஸில் தர்மராஜ் சன்னல் பக்கம் திரும்பி, சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்தான்.

"அம்மா, நான் உங்க மகன் இல்ல. இத்தோட என்னை மறந்துருங்க."

முன் சீட்டு அம்மாள் திரும்பினாள். "ஏன் தம்பி, பெத்தவகிட்ட சொல்ற வார்த்தையா இது?"

"அய்யோ, அவங்க என்னைப் பெத்தவங்க இல்லீங்க."

"கேட்டீங்களா கதைய" என்று அந்த அம்மாள் பஸ்ஸுக்கே சொன்னாள். "செல்போனு வந்தாலும் வந்துச்சு, பெத்த தாயவே இல்லங்குறான்."

பின்னால் இருந்த பெரியவர், "மொட்ட போட்டு என்ன புண்ணியம், அம்மாவக் கண்ணால பாக்கணும்" என்றார். கண்டக்டர், தன் அம்மாவுக்கு மாதம் தவறாமல் போன் செய்வதைச் சொன்னார். ஒருவர் விடாமல் தங்கள் தாயின் பெருமையைச் சொல்லி முடிக்க, அரியலூர் வந்துவிட்டது. இறங்கும்போது பெரியவர் பிரவீணாவிடம், "நீதாம்மா அவனத் திருத்தணும்" என்றார்.

"அதுக்குத்தாங்க கூட்டிட்டுப் போறேன்" என்றாள் பிரவீணா.

அடுத்த பஸ் பிடித்து உடையார்பாளையத்தில் இறங்கியபோது உச்சி வெயில். போனில் அந்த அம்மாள் சொல்லியிருந்த பெயரைச் சொல்லி, பாப்பாத்தியம்மா வீடு எது என்று கேட்டதும், வழி சொல்லாமல் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார்கள். முந்திரிக் கொல்லைக்கு முன்னால் ஓட்டு வீடு. வாசலை அடைத்துப் பந்தல். மைக் செட்டில் பாட்டு. உள்ளே பெண்கள் சிரிப்பும் வளையல் சத்தமும் கேட்டன.

தர்மராஜ் பந்தலுக்குள் எட்டிப் பார்த்தான். பந்தலில் நாலு ஆண்கள் ஆளுக்கொரு மூலையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அவன் நுழைந்ததும் நாலு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உறவுக்காரனுங்க" என்று கிசுகிசுத்தான். "தலப்பா கட்டிட்டு ரெடியா இருக்கானுங்க. அடிச்சா நீ குறுக்க வராத."

"நீங்க மொதல்ல உண்மையச் சொல்லுங்க. அடிக்கறத அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அம்மா, நான் பிரேமு இல்ல" என்று பந்தலே கேட்கும்படி சொன்னான்.

யாரும் எழுந்து வரவில்லை. ஒரு மூலையில் இருந்தவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். இன்னொருவருக்கு வந்த இருமலில் துண்டு நழுவ, உள்ளே மொட்டை தெரிந்தது.

உள்ளேயிருந்து சந்தனக் கிண்ணத்தோடு ஒரு பெண் வந்தாள். பக்கத்து வீட்டு வீராயி என்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் அவன் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. மொட்டைத் தலையைப் பார்த்தாள். மஞ்சள் புடவையைப் பார்த்தாள். இரண்டு பேர் கையிலும் சந்தனத்தைத் தடவினாள்.

"ராங் நம்பருங்கள்ல நீங்க பெரம்பலூரா, துறையூரா? எதுவா இருந்தாலும் பொண்டாட்டிய சட்டுன்னு உள்ள அனுப்புங்க, மத்த நாலு அனிதாவும் வரிசையா மணையில ஒக்காந்தாச்சு."