ஏழாவது கொக்கி

புதுச்சேரியில் கம்ப்யூட்டர் படித்த அத்தனை பேரையும் வரிசையில் நிற்க வைத்தாலும், சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் சுவர்க் கொக்கி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அவர் பெயரே கொக்கி. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

சாரம் பகுதியில், மருந்துக்கடை மாடியில் எங்கள் கம்பெனி. நான் சேர்ந்த அன்று அங்கே ஆறு பேர். சுவரிலோ ஏழு கொக்கிகள். ஏழாவது காலி. என் டிபன் பையை அதில் மாட்டப் போனேன்.

"அது வர்றவங்களுக்கு" என்றார் கொக்கி.

"நான்தான் வந்துட்டேனே?"

"நீ இன்னும் பர்மனெண்ட் ஆவலயேபா."

பை தரைக்குப் போனது. மூன்று மாதம் எறும்போடு பங்கு போட்டுச் சாப்பிட்டேன்.

டீக்கடையிலும் அவருக்குப் பால், டிகாஷன், சர்க்கரை எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். "உனக்கு வேண்டியது டீயா, டீக்கட சாமானாபா?" என்று கடைக்காரர் கேட்காத நாள் இல்லை.

அப்போது நாங்கள் பிரான்ஸில் உள்ள பல் டாக்டர்களுக்காக, நோயாளிகளுக்கு நேரம் குறிக்கும் காலண்டர் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் செய்துகொண்டிருந்தோம். ஒரு டாக்டருக்குப் புதன்கிழமை விடுமுறை வேண்டும். இன்னொருவருக்குக் குழந்தைகள் பெயர் மட்டும் மஞ்சளில் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் திணித்தோம். புதனைத் தொட்டால் மஞ்சள் போய்விடும்.

"ஒரு படம் மாட்டறதுக்கு சொவத்தயே இடிப்பீங்களா?" என்றார் கொக்கி. மொத்தத்தையும் பிரித்துப் போட்டார். நடுவில் தேதியும் நேரமும் மட்டும். மற்றதெல்லாம் தனித்தனி ஃபைல். வேண்டியவர் மாட்டிக்கொள்ளலாம், வேண்டாதவர் கழற்றிவிடலாம். பிளக்இன் என்றால் அவ்வளவுதான். ஒன்று செத்தாலும் மற்றது ஓட வேண்டும் என்பது அவர் சட்டம். நடு ஃபைலில் யாராவது கை வைத்தால் அன்று முழுக்கப் பேச மாட்டார்.

மதிய இடைவேளைக்கான பிளக்இன் என் பங்கு. வெள்ளிக்கிழமை அந்த டாக்டர்கள் சார்பில் பிரான்ஸிலிருந்து ஒரு மதாம் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. எம்.டி. என்னைக் கூப்பிட்டார். "இது நல்லா போனா நீ பர்மனெண்ட். இல்லன்னா உங்கப்பா சொல்ற எடத்துக்கே போய்டு." அப்பா சொன்ன இடம் சேதராப்பட்டு சோப்பு ஃபேக்டரி. அங்கே ஸ்டோர் வேலைக்கு மாமாவிடம் சொல்லியே வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதாம் தன் லேப்டாப்பிலேயே காலண்டரைத் திறந்தார். புதன் விடுமுறை வந்தது, மஞ்சள் வந்தது. என் இடைவேளை மட்டும் வரவில்லை. சோதனைக்காக நான் போட்டிருந்த ஒரு வரியை அழிக்க மறந்திருந்தேன். எங்கள் பிரௌசர் அதைப் பொறுத்துக்கொண்டது, அவருடையது பொறுக்கவில்லை.

மதாம் முகம் சுளித்து ஏதோ கேட்டார். எம்.டி. எங்களிடம் திரும்பினார். "ஒரு மணிக்கு எங்க ஊர்ல சாப்புடுவோம், பல்லு புடுங்க மாட்டோம்னு சொல்றாங்க."

சோப்பு வாசனையே எனக்கு வந்துவிட்டது. கொக்கி என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்தார்.

"சில டாக்டருங்க மத்தியானமும் பாப்பாங்க, மதாம். அதுக்குத்தான் கழட்டிக் காட்டுறோம். இப்ப மாட்டச் சொல்றேன்."

எம்.டி. மொழிபெயர்க்கும் நேரத்தில் நான் அந்த வரியை அழித்து ஏற்றிவிட்டேன். கொக்கி மறுபடி திறந்தார். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அழகாகச் சாம்பல் நிறமானது. மதாம் "த்ரே பியான்" என்று பாராட்டினார். இன்னும் எதைக் கழற்றலாம் என்று ஆசையாகக் கேட்டார். கொக்கிக்கு உற்சாகம் தாங்கவில்லை. புதன், மஞ்சள் என்று ஒன்றுவிடாமல் கழற்றினார். எம்.டி.க்கு வேர்த்துக் கொட்டியது. காலண்டர் மட்டும் அசையாமல் நின்றது.

மதாம் போனதும் கொக்கியிடம் உண்மையைச் சொன்னேன். "மன்னிச்சிக்குங்க. ஒரு வரிய அழிக்க மறந்துட்டேன்."

"தெரியும்பா. நீ எதயாவது மறப்பன்னுதான், ஒண்ணு செத்தாலும் மத்தது ஓடற மாதிரி எழுதினேன்."

தரையிலிருந்த என் பையை எடுத்தார். எறும்பைத் தட்டினார். ஏழாவது கொக்கியில் மாட்டிவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து எட்டாவதை அடிக்க ஆரம்பித்தார். "எங்கூட்டு சாமி படம் ஆடுதுபா" என்று பக்கத்து வீட்டம்மா வாசலில் வந்து நின்றார்.

அதற்குப் பிறகு நாலு கம்பெனி மாறிவிட்டேன். சேரும் நாளில் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். என் பை இன்னும் தரையில்தான் இருக்கிறது. கொக்கி அங்கே இருந்தால், நான் வருவதற்கு முன்பே அடித்து வைத்திருப்பார்.